பிரிவுக்கு ஒரு ஏ

அந்த அலுவலகத்தில், போனின் எதிர்முனையில் இருப்பவர் "பரவாயில்லை" என்று சொன்னால் நாற்காலி ஒரு விரற்கடை உயரும். டிங் என்று ஒரு மணியும் அடிக்கும். உயர்ந்தவர் குனிந்து மேஜையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த போனை எடுப்பார்.

அலுவலகம் கிண்டியில், நாலாவது மாடியில் இருந்தது. பிறருக்காக மன்னிப்புக் கேட்பது அங்கே தொழில். வராத சிலிண்டருக்காக, ரத்தான பஸ்ஸுக்காக, மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையைப் பொசுக்கிய சலவைக்கடைக்காக, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மழைக்காக, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். தப்புச் செய்தவர்களுக்கு எப்போதும் வேறு வேலை இருந்தது. அதனால் அலுவலகம் நன்றாகவே ஓடியது.

அறிவுடைநம்பி அங்கே ஒரு பிரிவுத் தலைவர். பெயர் அப்பா வைத்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் நம்பி சார். அவர் மன்னிப்புக் கேட்டால் வாடகைக்கு வீடு கேட்பதுபோல இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவார். மணி அடிக்காது. அதனால் நம்பி சாரின் நாற்காலி தரையோடு தரையாகக் கிடந்தது. முகவாயை மேஜை மேல் வைத்துத்தான் பேசுவார். மேஜைக்கு அடியில் யார் யார் சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

அவர் பிரிவில் ஜெபசீலி என்று ஒருத்தி இருந்தாள். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால், "ஐயோ, அப்படியா ஆச்சு?" என்பாள். அவ்வளவுதான். கத்திக்கொண்டிருந்தவர் இறங்கிவிடுவார். "பரவாயில்லைம்மா, நீ என்ன பண்ணுவே" என்பார். டிங். மதியத்துக்குள் ஜெபசீலியின் தலை கூரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே ஜன்னலும் கூரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு நர்சரிப் பள்ளியின் மைதானம். ஜெபசீலியின் மகள் ஷெரின் அங்கே யுகேஜி படித்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவோடு மைதானத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள். ஜெபசீலி கையை ஆட்டுவாள். ஷெரினும் கையை ஆட்டிவிட்டு டப்பாவைத் திறப்பாள். அம்மா கையை ஆட்டாவிட்டால் திறக்க மாட்டாள். பிடிவாதக்காரி.

வருஷத்துக்கு ஒருமுறை அளவு நடக்கும். அன்றைக்கு எல்லா நாற்காலிகளும் கீழே வந்துவிடும். அதுவரை அடித்த மணிகள் எதுவும் கணக்கில் வராது. பிரிவுத் தலைவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தைதான் அந்த ஆளுடைய உயரம்.

வார்த்தைகள் அதிகமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே "பிரமாதம்". அது வேலையை விட்டுப் போனவர்களுக்கு. அடுத்தது "பரவாயில்லையே". அதற்கு ஜன்னல் உயரம். ஏ இல்லாமல் வெறும் "பரவாயில்லை" என்றால் மேஜை உயரம். அதற்கும் கீழே "இருக்கார்". நம்பி சாருக்குப் போன வருஷம் கிடைத்தது அதுதான். அதற்கும் கீழே "யாரு?"

பக்கத்துப் பிரிவில் செங்குட்டுவேலு என்று ஒருவருக்கு "யாரு?" கிடைத்தது. இன்றைக்கும் அவர் வேலைக்கு வருகிறார். வருகிறவர்கள் போகிறவர்கள் காலி டீ டம்ளரை அவர் மடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்பி சாரும் ஒருமுறை வைத்திருக்கிறார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஏகாரத்துக்குத் தட்டுப்பாடு. பிரிவுக்கு ஒரு ஏதான் தருவார்கள்.

அளவுக்கு முந்தின நாள் ஜெபசீலி மேலேயிருந்து குனிந்தாள்.

"சார், நாளைக்கா?"

"ஆமாம்மா."

"அந்த ஏ..."

"உனக்குத்தான். வேற யாருக்குக் குடுக்கறது?"

"இல்ல சார், ஷெரின் பாத்துட்டே நிப்பா. அதான்."

"நான் பாத்துக்கறேன்மா. நீ வேலையப் பாரு."

அதைச் சொல்லும்போது நம்பி மனசாரத்தான் சொன்னார். இதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். இதற்குப் பிறகு அவருக்காகச் சொல்ல அதிகம் இல்லை.

அளவு அறையில் தணிகைமலை சார் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அளவு அதிகாரி. தையல்காரர் மாதிரி கழுத்தில் டேப் போட்டிருப்பார். சொல்கிறவரின் உதட்டில் டேப்பின் நுனியை வைத்து, வார்த்தை வெளியே வர வர அளப்பார்.

"ஜெபசீலி" என்றார்.

"பரவாயில்லை" என்றார் நம்பி. ஏ நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அப்போது அவருக்குச் செங்குட்டுவேலுவின் மடி ஞாபகத்துக்கு வந்தது. டம்ளர்களோடு வந்தது. நம்பி வாயை மூடிக்கொண்டார்.

தணிகைமலை டேப்பை எடுக்கவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உள்ள ஒரு ஏ இருக்காப்ல தெரியுதே."

"இருமல் சார்" என்று சொல்லி நம்பி விழுங்கினார்.

"சரி. நீங்க?"

இந்த வருஷம் முதல் பிரிவுத் தலைவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்ல வேண்டும். அதற்குச் சுயமதிப்பீடு என்று பெயர். நம்பி வாயைத் திறந்ததுதான் தெரியும்.

"பரவாயில்லையே."

டேப் சரசரவென்று ஓடியது. "நல்ல நீளம்" என்றார் தணிகைமலை.

நம்பிக்கு வெட்கமாக இருந்தது. காது இரண்டும் சுட்டன. அறையில் வேறு யாரும் இல்லை, தணிகைமலை டேப்பில் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத இடத்தில் வெட்கப்படுவதில் உள்ள சங்கடம், முகத்தை யாரிடமிருந்து திருப்பிக்கொள்வது என்று தெரியாததுதான். கொஞ்ச நேரம் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

அவர் நாற்காலி உயர்ந்தது. ஜன்னல் உயரத்தில் போய் நின்றது, நம்பி சார் குட்டை என்பதால் கண் மட்டும் ஜன்னலுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அந்த ஒரு விரற்கடைக்கு ஒரு மணி அடித்தால் போதும்.

ஜெபசீலியின் நாற்காலி மேஜை உயரத்தில் நிற்க வேண்டியது. ஆனால் அது உயரத்திலேயே இருந்து பழகிய நாற்காலி. இறங்கத் தொடங்கியதும் எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை. மேஜையைத் தாண்டி, தரையையும் தாண்டி, அவள் கழுத்து வரை உள்ளே போய்த்தான் நின்றது. ஜெபசீலி தரையில் கிடந்த ஹெட்போனைத் தலையால் நகர்த்தி மாட்டிக்கொண்டு, "ஐயோ, அப்படியா ஆச்சு?" என்று அடுத்த போனை ஆரம்பித்தாள். மணி அடித்தது, தரையில் சிக்கிய நாற்காலி மட்டும் ஏறவில்லை.

மூன்றாவது மாடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். அங்கே கூரையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கின. முதல் நாள் பதறிப்போனார்கள். மறுநாள் கட்டை விரலில் காலண்டரை மாட்டினார்கள்.

மதியம் சாப்பாட்டு மணி கேட்டது. தரையிலிருந்து ஜெபசீலி கழுத்தை எக்கிப் பார்த்தாள். ஜன்னலில் வானம்தான் தெரிந்தது.

"சார், உங்க ஒயரத்துக்குத் தெரியுமே. டப்பாவத் தொறந்துட்டாளா?"

"தெரியலையே" என்றார் நம்பி.

அது உண்மைதான். ஒரு விரற்கடை குறைந்தது. ஆனால் அந்த "தெரியலையே"வில் இருந்த ஏ வழக்கமான ஏ இல்லை. விழுங்கிய ஏ. அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் அது கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. "டீ வந்துச்சே" என்றார். "குட்மார்னிங்கே" என்றார். போனை எடுத்து, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோமே" என்றார்.

எதிர்முனைக்காரர் கத்தினார். "என்னய்யா, அதான் வருந்துறோமே, இன்னும் என்ன வேணும்ங்கறியா? திமிரா?"

"இல்லையே" என்றார் நம்பி. போன் வைக்கப்பட்டது.

அதன் பிறகு அவருக்கு ஒரு மணிகூட அடிக்கவில்லை. நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றது. தினமும் மதியம் தரையிலிருந்து அதே கேள்வி வந்தது. தினமும் அவர் "தெரியலையே" என்றார். ஜெபசீலி "சரி சார்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேலே உட்கார்ந்திருப்பது அவருக்கு, வேட்டி அவிழ்ந்ததை மேடை ஏறிய பிறகு தெரிந்துகொண்டதுபோல இருந்தது.

ஏவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நம்பி முடிவு செய்தார்.

அளவு அறைக்குப் போகும் தாழ்வாரம் வெட்கப்பட்டவர்களுக்கு நீளும். இது அங்கே எல்லோரும் அறிந்ததுதான், குடை கொண்டு போவார்கள். நம்பி மறந்துவிட்டார். நடந்தார். ஒரே பாத்ரூம் பல தடவை கடந்து போனது. பிறகு ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. கால் வலித்ததால் நின்றார். பஸ் வரவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, "ரத்தான பஸ்ஸுக்காக வருந்துகிறோமே" என்றது. அவருடைய குரல்தான். கேட்ட நம்பிக்கே கோபம் வந்தது. மீதித் தூரத்தையும் நடந்தார்.

தணிகைமலை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த ஏவைத் திருப்பித் தரணுமே."

"ஏன்?"

"அது என்னுது இல்லையே."

"வாயில போட்டத நாங்க வாங்கறதில்ல."

"ஜெபசீலிக்கு வேற ஏ?"

"அடுத்த வருஷம்."

"சார், அந்தக் குழந்தை சாப்பிடலையே."

"சாப்பாடு அளவுல வராது." தணிகைமலை டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மனசு கேக்கலன்னா நேர்ல போய் மன்னிப்புக் கேளுங்க. உங்க தொழில்தானே?"

அந்த "தானே"யில் இருந்த ஏ அவருடைய சொந்த ஏ. அவரிடம் நிறைய இருந்தது.

திரும்பி வரும்போது தாழ்வாரம் இரண்டே எட்டில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று நம்பிக்குத் தோன்றியது. யோசிக்கக்கூட நேரமில்லை. ஜெபசீலியின் தலைக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்தார். மற்றவர்கள் மரியாதையாகக் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

இத்தனை வருஷங்களில் ஊரில் உள்ள எல்லாத் தப்புக்கும் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சொந்தத் தப்புக்கு எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோமே" என்றார்.

ஜெபசீலி தலையைச் சாய்த்து ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினாள். "கஸ்டமர்ட்டயா சார் பேசுறீங்க?"

"இல்லையே. உன்கிட்டதானே."

"வருந்துறோம்னா, யார் யாரு சார்?"

நம்பி சுற்றிலும் பார்த்தார். தூக்கிய கால்கள்தான் தெரிந்தன.

"நான் மட்டும்தான்."

ஜெபசீலி ஹெட்போனை இன்னொரு காதிலிருந்தும் தள்ளினாள்.

"அந்த ஏவை எனக்குச் சொல்லிக்கிட்டேன்மா. உனக்குன்னு சொல்லிட்டு உள்ள போயி, எனக்குச் சொல்லிக்கிட்டேன்." இந்த வாக்கியங்களில் ஏ ஒட்டவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தெரியும் சார். ஒங்க நாற்காலியப் பாத்தாலே தெரியாதா?"

"பின்ன ஏன்மா ஒண்ணுமே கேக்கல?"

"டப்பாவத் தொறந்துட்டாளான்னு டெய்லி கேட்டேன்ல சார்."

நம்பி தரையைப் பார்த்தார். ஏற்கெனவே தரையில்தான் படுத்திருந்தார். அதற்குக் கீழே பார்க்க இடம் இல்லை.

"ரொம்ப எளச்சுட்டா சார்" என்றாள் ஜெபசீலி.

"என்னைத் திட்டிரும்மா."

"எதுக்கு சார்."

"ரெண்டு வார்த்தை திட்டு. நான் கேட்டுக்கறேன்."

ஜெபசீலி கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் முழுக்க எத்தனையோ பேரிடம் அவள் அந்த ஒரு வார்த்தையை வாங்கியிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டுக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நொடியும் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தாள்.

"பரவாயில்லை சார்."

டிங்.

"வேண்டாம்மா!" என்று நம்பி கத்தினார். "அதைத் திரும்ப எடுத்துக்கோ!"

அதற்குள் நாற்காலி உருண்டு வந்துவிட்டது. அவருக்கு அடியில் நுழைந்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, பழைய உயரத்துக்குப் போய், இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தது.

ஜன்னல் தெரிந்தது. மைதானம் தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மூடிய டப்பாவோடு ஒரு குழந்தை அண்ணாந்து நின்றது. ஜன்னலில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தலையைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது. கை மேலே போனது.

நம்பியும் கையைத் தூக்கி ஆட்டினார். டப்பாவைத் திறந்துவிடட்டும் என்றுதான் ஆட்டினார்.

ஷெரின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வாய் அசைந்தது. சத்தம் இங்கே வரவில்லை. ஆனால் அது என்ன வார்த்தை என்பதில் அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"யாரு?"

நம்பி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். விழட்டும் என்று காத்திருந்தார். தரையைத் தாண்டி, ஆடிட்டர் ஆபீஸைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று இருந்தது. நாற்காலி அசையவில்லை.

கீழே தணிகைமலை டேப்போடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "பயப்படாதீங்க நம்பி. அந்தக் குழந்தை நம்ம ஸ்டாஃப் இல்ல. கணக்குல வராது."

தரையிலிருந்து ஜெபசீலியின் குரல் வந்தது.

"சார், இப்பத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"தொறந்துட்டாளா?"

நம்பி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.