சொல்லக் கூடாத 'சரி'

வானில் சாகசம் காட்டும் அந்த விமானக் குழுவில் யாரும் 'சரி' என்று சொல்வதில்லை.

நான்கு விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுவதுபோல் பறக்கும்போது, தலைவர் ரேடியோவில் "சரி" என்றால் நான்கும் ஒன்றாக இடப்பக்கம் சரிய வேண்டும். "சாய்" என்றால் வலப்பக்கம். யோசிக்க நேரம் கிடையாது. காதில் விழுந்த சொல் நேரே கைக்குப் போக வேண்டும். அதனால் தரையிலும் அந்தச் சொல்லுக்குத் தடை. கேன்டீனில் இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டால் "ஆகட்டும்". லீவு இல்லை என்றாலும் "ஆகட்டும் சார்".

நான்காம் விமானி ஒரு பெண். தலைவருக்கு நேர் பின்னால், கடைசி முனையில் பறப்பவள். தலைவரை எல்லோரும் 'தலை' என்று கூப்பிட்டதால் இவள் தானாகவே 'வாலு' ஆனாள். சேட்டைக்கும் அவளுக்கும் வெகு தூரம். பத்து பேர் இருக்கும் அறையில் பதினோராவது நாற்காலி மாதிரி இருப்பாள்.

குறையெல்லாம் அவள் அம்மாவுக்குத்தான். "பெத்தவகிட்ட கூட ஒரு சரி சொல்ல மாட்டியா? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கே 'ஆகட்டும்'னுதானே சொன்னே. மாப்பிள்ளை ரெண்டு நாள் தூங்கலையாம், இது சம்மதமா சலிப்பான்னு."

அந்த அம்மா இந்த சீசனின் முதல் காட்சிக்கு வருவதாக இருந்தாள். குழுவில் வாலுவுக்கு அது முதல் சீசன். அம்மா புதுக் குடையும் வாங்கிவிட்டாள்.

பழைய விமானங்களுக்கு வயதாகிவிட்டது. பதிலுக்கு இரண்டு வகை விமானங்கள் சோதனைக்கு வந்து நின்றன. ஒன்று ஜெட். பழையதைப் போலவே, ஆனால் வேகம் கூட, சத்தமும் கூட. அதை எடுத்தால் இந்த சீசனே காட்சிக்குப் போய்விடலாம். மற்றது மூக்கில் விசிறி சுற்றும் சின்ன விமானம். பறக்கும் முறையே வேறு. எடுத்தால் அ, ஆவிலிருந்து படிக்க வேண்டும்.

அதற்கு 'ஃபேன்' என்று பெயர் வைத்தது இரண்டாம் நம்பர் விமானி. குழுவின் வாய் அவன்தான். "இதுல போனா காத்து வரும், கைதட்டு வராது" என்றான். மூன்றாம் நம்பர் அதிகம் பேசாதவன். அவனே சிரித்தான்.

மற்ற மூவரும் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தலை பழைய விமானத்தில் முன்னால் போவார். சோதிப்பவர் அவருக்கு வலப்பக்கம் ஒட்டிப் பறப்பார். வாலு ஜெட்டை ஓட்டி இறங்கினாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஃபேன். பின் இருக்கையில் விமானக் கம்பெனியின் விமானி ஏறினார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

"மேல போனதும் 'சரி'ன்னு மட்டும் சொல்லாதீங்க சார்" என்றாள் வாலு.

"சரி சரி" என்றார் அவர்.

அவளுடைய இடது தோள் தானாக இறங்கி ஏறியது.

மேலே எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெயில் தலையின் இறக்கையில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசிச் சுற்றும் முடிந்தது. பின்னாலிருந்தவர் நிம்மதியாக மூச்சு விட்டு, "சரி, இறங்கலாமா?" என்றார்.

அவள் கை தானாக இடப்பக்கம் போய்விட்டது.

விமானம் இடப்பக்கம், தலையை நோக்கிச் சரிந்தது. அவருடைய இறக்கையின் அடியில் ஒரு எண்ணெய்க் கறை, நாய்க்குட்டி சுருண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். கையை வெடுக்கென்று திருப்பி, வேகத்தைக் குறைத்தாள். ஃபேன் அந்த இடத்திலேயே நின்றது. நின்றது என்றால், சரிவது நின்றது. விசிறியே பிரேக் போலப் பிடிக்க, விமானம் சாதுவாகப் பின்னால் நழுவியது. தலை முன்னால் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

இறங்கியதும் கம்பெனி விமானிக்கு வியர்த்திருந்தது. "தப்பு என்னோடதுதான்மா. ஆனா வெளியில சொன்னா எங்க விமானம் தலைவர் மேலேயே பாஞ்சுதுன்னு ஆயிடும். உங்களுக்கும் நல்லதில்ல. விட்டுடுவோமே."

அவளுக்கு நல்லதில்லைதான். உத்தரவு இல்லாமல் தலைவர் பக்கம் சரிந்தவர் அந்த சீசன் முழுக்கத் தரையில் உட்கார வேண்டும். யாருக்காகவும் மாறாத விதி அது.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சாம்பார்ல என்ன ரன்வே தெரியுதா?" என்றான் கணவன். நடந்ததைச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஜெட்டா இருந்தா என்ன ஆயிருக்கும்?"

அந்தக் கேள்விதான் அவளையும் மதியத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. ஜெட்டில் கையைத் திருப்பிய பிறகும் விமானம் கொஞ்சம் போய்த்தான் நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்குள் தலையின் இறக்கை இருந்தது.

மறுநாள் கூட்டம். விமானத் தளத்தின் பெரிய அதிகாரி மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நம்பர் ஜெட் என்றான். மூன்றாம் நம்பரும் ஜெட். "ஜனங்க கழுத்தை நிமித்துறதே சத்தத்துக்குத்தான் சார்" என்றார் தலை. அதிகாரி வாலுவைப் பார்த்தார்.

"ஃபேன்" என்றாள்.

"ஏன்?"

"நேத்து நான் ஒரு தப்பு பண்ணினேன் சார். தலை பக்கம் சரிஞ்சுட்டேன். உத்தரவு இல்லாம."

தலை மெதுவாகத் திரும்பினார்.

"எவ்வளவு கிட்ட?"

"உங்க இறக்கைக்கு அடியில எண்ணெய்க் கறை இருக்கு சார். நாய்க்குட்டி மாதிரி. வாலு கூட தெரிஞ்சுது."

"வாலு, உன்னையேவா பாத்தே?" என்றான் இரண்டாம் நம்பர். யாரும் சிரிக்கவில்லை.

அவள் பேசி முடித்தாள். காதில் 'சரி' என்று விழுந்ததும் கை தானாகப் போனது, தப்பு செய்த கையை அந்த விமானம் திருத்திக்கொள்ள விட்டது, ஜெட் விடாது என்று நினைக்கிறேன், பரிசோதித்துப் பாருங்கள் என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"விதி தெரியும்ல?" என்றார் தலை.

"தெரியும் சார். உக்காந்துக்கறேன்."

தலை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பக்கத்தில் எந்த விமானமும் இல்லாமல், நல்ல உயரத்தில், இரண்டையும் ஓட்டினார். பின் இருக்கையில் இரண்டாம் நம்பர். எதிர்பாராத நேரத்தில் "சரி" என்று கத்துவது மட்டும்தான் அவன் வேலை. வாழ்நாளில் அவன் இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

இறங்கி அதே அறைக்கு வந்த தலையின் முகத்தில் ஹெல்மெட் பதிந்த கோடு மறையவில்லை. "என் கையும் போச்சு சார்" என்றார் அதிகாரியிடம். "கத்தப் போறான்னு தெரிஞ்சும் போச்சு. ஃபேன் சொன்ன இடத்துல நின்னுது. ஜெட்டுல... பக்கத்துல யாராவது இருந்திருந்தா, நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்."

"ஃபேன்னா இந்த சீசன் காட்சி கிடையாதே?"

"கிடையாது சார். படிக்கணும். அடுத்த வருஷம்தான்."

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு நிமிர்ந்து, "சரி" என்றார்.

மேசையைச் சுற்றி நான்கு பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். மூன்றாம் நம்பரின் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

வெளியே வந்ததும் இரண்டாம் நம்பர் அவள் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தான். "தண்டனை உனக்கு மட்டும்தானே? இப்ப நாலு பேரும் ஒரு சீசன் தரையில. நல்லா இருக்கு உன் நியாயம்."

"அவ உக்காந்தா பக்கத்துல துணைக்கு ஆள் வேணாமா?" என்றார் தலை. "காலையில சீக்கிரம் வந்துடு வாலு. படிப்பு எல்லாருக்கும்தான்."

வாலு சிரிப்பை அடக்கக் கீழே பார்த்தாள்.

"அப்புறம் அந்தச் சொல்லு இனி வேணாம். பழைய விமானத்தோட அதுவும் போகட்டும்" என்றார் தலை. 'புரள்' என்று வைக்கலாம் என்றான் மூன்றாம் நம்பர்.

"ஐயோ, நான் குறட்டை விட்டா என் பொண்டாட்டி சொல்ற வார்த்தை அது!" என்றான் இரண்டாம் நம்பர்.

"அப்ப உனக்கு ஏற்கனவே பயிற்சி இருக்கு" என்றார் தலை. அதுவே முடிவானது.

அவள் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். இந்த வருஷம் காட்சி இல்லை, அடுத்த வருஷம் வா என்றாள். அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "குடையை மடிச்சு பத்திரமா வைக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

"சரிம்மா."

மறுமுனையில் குடை கீழே விழும் சத்தம் கேட்டது.

"அடியே," என்றாள் அம்மா பதறி, "வேலையை விட்டுட்டியா?"