பதினேழாம் எண் கல்

முனிரோத்தால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுந்து ஜன்னல் பக்கம் போனால், திரும்பி வந்து கணினித் திரையில் அந்த ஒரு வரியை மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து ஐந்து தடவை பார்த்தாயிற்று.

உண்மையில் அது சந்தோஷப்பட வேண்டிய நாள். நோம்பென் ஆய்வுக்கூடத்தில் மற்ற மூன்று பேரும் கரும்புச்சாறு வாங்கி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கோரின் ஒரு கோயிலில் கல்லையும் கல்லையும் பிணைத்திருந்த பழைய இரும்புக் கவ்விகள் எந்த மண்ணிலிருந்து வந்தவை என்பது அவர்களுடைய எட்டு வருஷக் கேள்வி. தாதுக்கல்லை உருக்கி இரும்பை எடுக்கும்போது, ஊசிமுனை அளவு கசடு இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அலுமினா, டைட்டானியம், மாங்கனீசு போன்றவை பெரும்பாலும் இரும்போடு சேராமல் அந்தக் கசடிலேயே தங்கிவிடும். உலையின் களிமண்ணும் கரியின் சாம்பலும் செய்யும் குழப்பத்தைக் கழித்துவிட்டால், ஒன்றுக்கொன்று அவை இருக்கும் விகிதம் கல்லில் எப்படியோ கசடிலும் ஏறக்குறைய அப்படியே. பன்னிரண்டு கவ்விகளின் விகிதமும் டேக் மலைப் பக்கத்துக் கல் ஒன்றோடு பொருந்திவிட்டது. பதினேழாம் எண் கல்.

அதுதான் அவளை அரித்தது. பதினேழு பொருந்திய அளவுக்கு இருபத்துமூன்றும் இருபத்துநான்கும் பொருந்தவில்லை. கிட்டேகூட வரவில்லை. மூன்றுமே ஒரே குழியில் எடுத்த கற்கள். ஒரே குழியில், நாலு முழ இடைவெளியில், மாங்கனீசு எப்படி மூன்று மடங்காகும்?

அலமாரியிலிருந்து பழைய களக் குறிப்பேட்டை எடுத்தாள். ‘எண் 17. பழைய குழி, கிழக்கு விளிம்பு. எடுத்தது: முனிரோத்.’ அவள் கையெழுத்தேதான். இருபத்துமூன்றையும் இருபத்துநான்கையும் அடுத்த வருஷம் போய் அவளே வெட்டி எடுத்தாள். பதினேழை எடுத்த அன்று அவள் குழிக்குப் போகவேயில்லை. டெங்குக் காய்ச்சலில் மலைப் பக்கத்துக் கடைக்காரி யிம்மின் வீட்டு வலைத் தொட்டிலில் சுருண்டு கிடந்தாள். கல்லைக் கொண்டுவந்து கொடுத்தது முனிரோத்தின் புருஷன் சம்ரெத்.

சம்ரெத் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பயணத்துக்கு வண்டி ஓட்ட லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சம்ரெத் என்றால் வெண்கலம். “இரும்பம்மாவுக்கு வெண்கல மாப்பிள்ளை” என்று ஆய்வுக்கூடத்தில் கேலி செய்வார்கள்.

குறிப்பேட்டைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவன் மீன் வறுத்துக்கொண்டிருந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“ஏங்க, எனக்கு டெங்கு வந்தப்போ ஒரு கல்லு கொண்டுவந்தீங்களே, அதை எங்கேருந்து எடுத்தீங்க?”

“எந்தக் கல்லு?”

“விளையாடாதீங்க. கறுப்புக் கல்லு. முஷ்டி அளவு.”

“நீ சொன்ன குழியிலேருந்துதான்.”

“குழிக்கு எந்தப் பக்கமா இறங்கினீங்க?”

அவன் மீனைத் திருப்பிப் போட்டான். “மேற்குப் பக்கமா.”

“மேற்குப் பக்கம் முழுக்கப் பாறை. ஆடுகூட இறங்காது.”

சம்ரெத் அடுப்பை அணைத்தான்.

“பாதி வழி போனேன் முனி. சிவப்புப் பலகை ஒண்ணு விழுந்து கிடந்துது. மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகை. விழுந்த பலகை எந்தப் பக்கத்தைக் காட்டுதுன்னு எப்படித் தெரியும்? மூங்கில் வெட்டப் போன எங்க சித்தப்பாவை எப்படித் தூக்கிட்டு வந்தாங்கன்னு உனக்குச் சொல்லியிருக்கேன்ல? கால் நகரல. திரும்பிட்டேன்.”

“அப்புறம்?”

“யிம் வீட்டுக்குப் பின்னாடி அந்தக் காவல் தெய்வ மாடம் இருக்குல்ல… அதுக்குள்ள ஏழெட்டுக் கறுப்புக் கல்லு இருந்துது. நீ காட்டின மாதிரியேதான் இருந்துது. ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.”

“சாமி மாடத்துலேருந்தா!”

“நீ நூத்திநாலு காய்ச்சல்ல கல்லு கல்லுன்னு பினாத்திட்டிருந்த. வெறுங்கையோட வந்து நிக்கச் சொல்றியா? அப்புறம் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். அந்த அப்புறம் வரவேயில்ல.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குறிப்பேட்டில் பொய்யை எழுதியது அவள் கை. அவனை மட்டும் எப்படித் திட்டுவது? பையை மாட்டிய தோளோடு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள்.

இந்த முடிவை அறிவிக்க இருந்த கூட்டம் அடுத்த புதன்கிழமை, சியம் ரீப்பில். ஆய்வுக் குழுத் தலைவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். “ஒரு வரிம்மா. அட்டவணைல ஒரே ஒரு வரி. கூட்டம் முடியட்டும், அப்புறமா மெதுவாப் பார்த்துக்கலாம். இப்போ எதையும் கிளறாதே.”

“அந்த ஒரு வரி மேலதான் சார் மொத்தமும் நிக்குது.”

“அதனாலதான் சொல்றேன், கிளறாதே.”

மறுநாள் விடிந்ததும் யிம்மின் ஊருக்கு வண்டியை எடுத்தாள். சம்ரெத் கேட்காமலேயே வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். ஆய்வுக்கூடத்தில் ரம்பத்தால் அறுத்துப் பொடித்தது போக மிஞ்சிய பாதிக் கல், கட்டம்போட்ட துண்டில் சுற்றி அவள் மடியில் இருந்தது. வழியில் கொம்போங் தோமில் காப்பிக்கு நிறுத்தியபோது, “நான் ஓட்டட்டுமா?” என்றான். “வேணாம்” என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால்தான் அவளால் கையைச் சும்மா வைத்திருக்க முடிந்தது.

யிம்மின் கடை சாலையோரத்தில்தான் இருந்தது. கூய் பழங்குடி ஜனங்களில் அந்தப் பக்கத்தில் கடை வைத்த முதல் பெண்பிள்ளை அவள். நாற்பத்தைந்து வயசிருக்கும். வாய் மட்டும் பத்துப் பேருக்கு ஈடு. படித்த பெண்கள் எல்லாருமே அவளுக்கு டீச்சர்தான்.

“அட, டீச்சரம்மாவா! என்னா இப்படி வத்திப்போயிட்ட? மாப்ள மட்டும் நல்லா உருண்டு இருக்காரு. வீட்டுல சோத்தைப் பங்கு வைக்கறது யாரு?”

முனிரோத் சிரிக்க முயன்று தோற்றாள். துண்டைப் பிரித்து, பாதிக் கல்லைக் கடைப் பலகைமேல் வைத்தாள். யிம்மின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“இது எங்க மாடத்துக் கல்லாச்சே.”

“ஆமாக்கா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எடுத்தேன்” என்றான் சம்ரெத். இரண்டு கைகளையும் கூப்பி நெற்றிக்கு உயர்த்தினான். “கேக்காம எடுத்தேன். அவளுக்கும் தெரியாது.”

யிம் கல்லைத் தொடவில்லை. கடைக்குள் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அய்யோ பாவி மனுசா. நான் சாரிமைச் சொன்னேனே. என் கூடப்பொறந்தவனைச் சொன்னேனே!”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கல் காணாமல் போன அதே மாதத்தில் பழைய சாமான் வாங்கும் வியாபாரிகள் ஊருக்குள் வந்து போயிருந்தார்கள். தம்பி சாரிம் அவர்களோடு உட்கார்ந்து சாராயம் குடித்ததை யிம் பார்த்திருந்தாள். அப்பா வைத்த கல்லை விற்றுத் தின்றுவிட்டாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். மறுவாரமே அவன் வீட்டைப் பிரித்து, கட்டையும் பலகையுமாக ஊரின் அந்தக் கடைசிக்குக் கொண்டுபோய் நட்டுக்கொண்டான். ஐந்து வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட இவளுக்கு அழைப்பில்லை.

முனிரோத்துக்குத் தன் அட்டவணை, கூட்டம் எல்லாம் அந்த நிமிஷம் அற்பமாகத் தோன்றின. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, இப்ப இதைக் கேக்கறது தப்புதான். அந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து வந்தது?”

“அது எனக்கென்ன தெரியும்? மழைக்கு முன்னாடி வருசத்துக்கு ஒரு கல்லு அப்பா எடுத்தாருவாரு. கூட அவனைத்தான் கூட்டிட்டுப் போவாரு, என்னைய இல்ல.” யிம் எழுந்து செருப்பை மாட்டினாள். “வாங்க. எப்படியும் நான் போயித்தானே ஆவணும். தனியாப் போனா வாசல்லயே திரும்பிடுவேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி நடங்க.”

சாரிம் பவர் டில்லரைக் கழற்றிப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்து ஸ்பேனரைத் தேடினான். சம்ரெத் முதலில் பேசினான். கடையில் சொன்னதையே, இன்னும் மோசமாகத் திக்கித் திணறிச் சொன்னான். சாரிம் போல்ட்டைத் திருகிக்கொண்டே கேட்டான்.

“ஏன் குழிக்குப் போவல?”

“பயம்.”

“ம்.” இன்னும் நாலு சுற்றுத் திருகினான். “பயந்தவன் நீ, பேரு கெட்டது எனக்கு.”

யிம் வாசலிலேயே நின்றாள். “தம்பி, நான் சொன்னது தப்புடா.”

“அன்னிக்கு நாலு பேரு இருந்தாங்க” என்றான் சாரிம், ஸ்பேனரைப் பார்த்தபடி. “இன்னிக்கு யாரு இருக்கா?”

யிம் திரும்பித் தெருவுக்கு வந்தாள். எதிர்வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தவளை, சைக்கிளில் போனவனை, பனைவெல்லம் காய்ச்சுகிற தம்பதியை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். “கேட்டுக்கங்க! என் தம்பி கல்லை விக்கல. விக்கலன்னு இந்தாளு கொண்டாந்து காட்டிட்டாரு. புத்தி கெட்டது எனக்குத்தான்!” தொண்டை கிழியக் கத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே கடைக்கு நடந்துவிட்டாள். பாதிக் கல் அவள் இடுப்பு மடிப்பில் இருந்தது.

சாரிம் கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்கு ரொம்ப நேரமாயிற்று. “கல்லு கெடைக்கற எடத்தைக் காட்டறேன். ஆனா இவரும் வரணும்” என்று சம்ரெத்தைக் காட்டினான்.

இடம் காட்டுக்குள் மூன்று மணிநேர நடை. சாரிம் மரப்பிசின் எடுக்கப் போய் வருகிற தடம்தான். சாரிம் முன்னால், அவன் கால் வைத்த இடத்திலெல்லாம் கால் வைத்துச் சம்ரெத், பின்னால் முனிரோத். சம்ரெத்தின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு சருகு சடசடத்தால்கூட நின்றுவிட்டான். அவன் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். ‘சீக்கிரம்’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து வந்து போயிற்று. ஒருமுறை சாரிம் திரும்பி, “இந்தத் தடத்துல இருபது வருசமா நடக்கறேன் மாமா. எனக்கு ரெண்டு காலும் இருக்கு பாருங்க” என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினான். சம்ரெத் சிரித்துவிட்டான். அதற்குப்பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தான்.

வறண்ட ஓடை ஒன்றின் கரையில் வரிசையாகப் பள்ளங்கள் தூர்ந்து கிடந்தன. அவற்றுக்கு மேட்டில், இலைக்குவியலுக்கு அடியில் பழைய உலைக் கசடு. காலால் தள்ளினால் கலகலத்தது. முனிரோத் மண்டியிட்டு, ஆறு பள்ளங்களில் ஆறு கற்களைத் தானே வெட்டி எடுத்தாள். சம்ரெத் நாடாவைப் பிடித்து அளந்து சொன்னான்; அவள் எழுதினாள். சாரிம் ஒரு இலையில் சோறும் பிராஹொக் மீன் விழுதும் வைத்து, ஓடையைப் பார்த்துக் கூய் மொழியில் ஏதோ முணுமுணுத்தான்.

நோம்பென் திரும்பிய பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு கற்களைச் சோதிக்கக் குறைந்தது ஒரு மாதம் ஆகும். கூட்டத்துக்கு இருந்தது ஐந்து நாள். தலைவர் இரண்டு தடவை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. புதன்கிழமை மேடையில் ஏறியதும் முதல் வேலையாக அட்டவணையில் பதினேழாம் வரியை அடித்துக் காட்டினாள். ஏன் என்றும் சொன்னாள். புருஷன் பேரைச் சொல்லவில்லை. “நான் எடுக்காத கல்லை நான் எடுத்ததாக எழுதினேன்” என்று மட்டும் சொன்னாள். கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தலைவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த மாதம் புதிய திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது அவள் பேர் பட்டியலில் இல்லை.

முடிவுகள் ஏப்ரலில் வந்தன. ஆறில் நாலு கற்கள் கவ்விகளோடு நன்றாகவே பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை. நாலு என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அவள் கண் அந்த இரண்டிலேயே போய் நின்றது. ஒருவேளை ஓடை மேலேயிருந்து வேறு கல்லையும் உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

அன்றைக்கே யிம்மிடமிருந்து போன் வந்தது. பாதிக் கல்லை மாடத்தில் வைத்துக் கோழியும் சாராயமும் படைத்தாயிற்றாம்.

“சாமிக்குப் பாதிக் கல்லு போதுமான்னு கேட்டாங்க. மீதிப் பாதி படிக்கப் போயிருக்குன்னு சொல்லிட்டேன்.”

“தம்பி வந்தாராக்கா?”

“வந்தான், வந்தான். பூசைக்கு இல்ல, நேத்து கடைக்கு. சிகரெட்டு வாங்கினான், போயிட்டான். ஒரு வார்த்தை பேசல.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவன் வீட்டுப் பக்கத்துலயே ரெண்டு கடை இருக்கு டீச்சரு. அவ்ளோ தூரம் வெயில்ல நடந்து வந்திருக்கான், கழுதை.”

முனிரோத் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். “அக்கா, அடுத்த தடவை அவர் வந்தா ஒண்ணு கேளுங்க. அந்த ஓடைக்கு மேல என்ன இருக்கு?”

“நானா? நீயே வந்து கேளு” என்றாள் யிம். “கேக்கறதுன்னா மழைக்கு முன்னாடி வா. அப்புறம் காட்டுல நடக்க முடியாது.”

முனிரோத் நாட்காட்டியைப் பார்த்தாள். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சம்ரெத்திடம், “ஏங்க, லீவு கிடைக்குமா?” என்று கேட்டாள்.