மூணாம் சைடின் எண்ணெய்த் தடம்

1

"ஏட்டி, இந்த மில்லுக்குள்ள வெயில் எப்படி வந்துச்சு?"

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவள் அப்ரீன் பானு. கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மூடிக் கிடந்து இப்போது செப்பனிடுகிற சங்கரன்கோவில் பழைய நூல் மில்லில் கூரைக் கண்ணாடி துடைக்கிறவள். ஜெயசித்ரா அவளோடு சேர்ந்து துடைக்கிறவள். ஜெயசித்ராவின் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடியபோது, அவள் கதை எழுதுகிற நோட்டு அப்ரீன் கையில் சிக்கிவிட்டது. முதல் பக்கம் இப்படி ஆரம்பித்தது:

தை மாதத்துக் காலை வெயில் கூரைக் கண்ணாடி வழியே இறங்கி, நூற்றுக்கொண்டிருந்த ராஜேஸ்வரியின் கன்னத்தில்...

[அடித்துவிட வேண்டிய வாக்கியம். மனசு வரவில்லை. கிடக்கட்டும்.]

"கண்ணாடி பூராவும் வடக்கல்லா பாத்திருக்கு? தை மாசம் சூரியன் தெக்க நிக்கும். ஒங்கம்மைக்கு மட்டும் ஓட்டப் பிரிச்சிக்கிட்டு வந்துச்சாக்கும்!"

ஜெயசித்ரா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அவளுடைய இந்த வாய்ப்பூட்டுக்கும் சம்பந்தம்... வேண்டாம், அது வேறு கதை.

('நான்' என்று எழுதினால் எனக்குக் கை ஓடுவதில்லை. அதனால்தான் ஜெயசித்ரா.)

2

ஆகவே இரண்டாவது தொடக்கம். இதைக் கட்டடத்தைப் பார்த்து எழுதினேன்.

ரம்பத்தின் பல் மாதிரி ஏறி ஏறி இறங்குகிற கூரை. ஒவ்வொரு பல்லிலும் சரிவான பக்கம் தெற்கே, ஓடு. நிமிர்ந்த பக்கம் வடக்கே, கண்ணாடி. வெளிச்சம் வரும், வெயில் வராது. வெக்கை ஏறினால் நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நூலுக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் அதே வெளிச்சத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்களும் நின்றார்கள். தூண்கள் சீமையில் வார்த்த இரும்பு. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் கரிசல் காட்டைக் கடந்து வந்தவை. உள்ளே குழாய் மாதிரிக் கூடு. கூரையில் பெய்கிற மழையெல்லாம் தூணுக்குள்ளேயே இறங்கிப் போய்விடும். மழை நாளில் தூணில் காதை வைத்துப் பாருங்கள், பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிகிறதா பார்ப்போம்.

இது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசலில் பலகை வைத்த அன்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜெயசித்ரா தலை நிமிர்ந்து நடந்தாள்.

(இந்த மில்லைத் தேடி யாரும் சங்கரன்கோவிலுக்கு வர வேண்டாம். கதைக்காக நான் கட்டிக்கொண்டது. கூரையை மட்டும் சரியாகக் கட்டியிருக்கிறேன்.)

3

ராஜேஸ்வரி ஜெயசித்ராவின் அம்மா. மில் மூடும் வரைக்கும் மூணாம் சைடு பார்த்தவள். சைடு என்றால் இரண்டு நூற்பு மிஷினுக்கு நடுவில் உள்ள நடை. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே ஷிப்ட் முழுக்க அதில் நடக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு மில்லுக்குள் போகலாம். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், "இதுதான் என் சைடு" என்று காட்டுவார்கள். ஜெயசித்ரா பிறப்பதற்குள் மில்லை மூடிவிட்டார்கள். இந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் திறக்கப்போகிறார்கள். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களைக் கூட்டி வரலாம்.

"நீயும் வாம்மா."

"மிஷின எல்லாம் வித்துட்டாவ. வெறுங்கட்டடத்துல என்னத்தட்டி காட்டப் போற?"

காட்ட ஒன்று இருந்தது. மிஷின்கள் போன இடத்தில், கல் தரையில், எண்ணெயும் பஞ்சுத் தூசியும் காலடியும் சேர்ந்து இறுகிக் கறுத்த தடங்கள். கதவிலிருந்து மூன்றாவது தடம் அம்மாவுடையது. அம்மா வருகிற வரைக்கும் அது அங்கே இருக்க வேண்டும். இந்தக் கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

4

தரை வேலைக்காரர் பேச்சிராஜா, தரையை அரைத்துப் பளபளப்பாக்குகிற மிஷினோடு மூன்றாவது தடத்துக்கு வந்தார்.

[முதலில் எழுதியதில் அப்ரீன்தான் பேசினாள். ஜெயசித்ரா தூணுக்குப் பின்னால் நின்றாள். அவளைப் பேச வைப்பதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

"அண்ணாச்சி, அத அரைக்காதிய."

பேச்சிராஜா திரும்பிப் பார்த்தார். ஜெயசித்ராவின் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை.

"பூஜைக்குப் பெரிய ஆளுவ எல்லாம் வாராவ. அழுக்கையா காட்டச் சொல்லுத?"

"அழுக்கு இல்ல."

"பெறவு என்ன, சந்தனமா?"

அப்ரீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மா நடந்த எடம். மேல ஒரு ஓட்டக்கூட மாத்தாம வைக்கோம். இது மட்டும் என்ன, நேத்து வந்ததா?"

"ஏ மக்கா, கூரையப் பத்திச் சர்க்கார் எழுதி வச்சிருக்கு. இந்தக் கறையப் பத்தி எவன் எழுதி வச்சிருக்கான்?"

"நான் எழுதி வச்சிருக்கேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நோட்டை எடுத்து, அந்தத் தடத்தைப் பற்றி எழுதியதை அவர் முன்னால் வாசித்தாள். பேச்சிராஜா பாதியில் மிஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"மேடத்துட்ட கேட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றார். செப்பனிடும் வேலையை மேற்பார்க்கிற மேடம் வந்து பார்த்து, இப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அம்மா தடத்தைப் பார்த்து அழுகிறாள். [அம்மா அழமாட்டாள்.]

அம்மா ஜெயசித்ராவின் கையைப் பிடித்து, "என் மகளே..." [எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை.]

உள்ளபடி நடந்தது இது. ஆயுத பூஜை அன்று ராஜேஸ்வரி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. கூடம் முழுக்கக் காலியாகக் கிடந்தும் குறுக்கே நடக்கவில்லை. இல்லாத மிஷின்களைச் சுற்றிக்கொண்டு வந்து மூணாம் சைடுக்குள் நுழைந்தாள். கடைசி வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். வலது கை மட்டும் இடுப்பளவில் அவ்வப்போது நீண்டு மடங்கியது.

நான் பின்னால்தான் நின்றேன். மன்னிக்கவும், ஜெயசித்ரா நின்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த முகத்தை என்னை எழுதச் சொன்னால் பெருமை என்றுதான் எழுதுவேன். பெற்ற பிள்ளை வேறு எப்படி எழுதும்? நீங்கள் எழுதுங்கள்.

ராஜேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். செருப்பை மாட்டினாள். கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.