செவ்வாய் வெள்ளிக்கு ஒரு வண்டி

திருமூர்த்தி தறிகளை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பத்தாவது நாள், அவர் மனைவி லோகநாயகி அவருடைய பெயரையும் போன் நம்பரையும் பிரான்சிஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சூலூரில் முப்பது வருடம் தறிக்கூடம் நடத்தியவர், அதட்ட ஆள் இல்லாமல் சமையலறைப் பக்கம் வந்துவிட்டார். குக்கர் விசிலை எண்ணினார். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்ததில், அன்றைக்கு ரசத்தில் மிளகுத்தூளுக்குப் பதில் காபித்தூள் விழுந்தது.

பிரான்சிஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கடையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். கோவைக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்களை எந்தக் கிழமை யார் தன் காரில் கூட்டிப்போவது என்று அதில் எழுதியிருக்கும். காரும் நேரமும் உள்ள இருபது பேர் சம்பளம் எதுவும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்திக்குச் செவ்வாயும் வெள்ளியும் விழுந்தன. இந்த மாதம் மட்டும்தான் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அவருக்குக் கொடுத்த ஆள் செவ்வந்தி. நாற்பத்திரண்டு வயது. சிறுநீரகம் பழுதாகும்வரை தறி ஓட்டியவள். தனியாக இருந்தாள், ஒரே தங்கையைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. முதல் நாள் பின்சீட்டின் மூலையில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். திருமூர்த்தி ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாங்க, இல்லீங்க என்றே பதில் வந்தது. சிங்காநல்லூர் தாண்டும்போதுதான் அவளாக வாய் திறந்தாள்.

"ஏனுங்க, வண்டில பெல்ட்டு போவப்போவுதுங்க."

போன மாதம்தான் சர்வீஸ் விட்டதாக அவர் கொஞ்சம் விறைப்பாகவே சொன்னார். திரும்பி வரும்போது ஒண்டிப்புதூரில் பெல்ட் அறுந்தது. நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்து களைத்துப்போன பெண்ணை ஒரு பேக்கரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக்குக்காகத் திருமூர்த்தி ரோட்டில் நின்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனால், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இருபது வருசம் தறிச்சத்தத்தில் நின்றவளுக்கு இது கேட்காதா என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வண்டியில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எந்தத் தறிக்கூடத்தில் எந்த முதலாளி எப்படித் திட்டுவார் என்று அவள் நடித்துக் காட்டுவாள். ஒருநாள் திருமூர்த்தியையே நடித்துக் காட்டினாள். அவரிடம் வேலை பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தார். வெயிலுக்கு அவர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அவளுக்குக் கணக்கு. அன்றிலிருந்து அவர் பாட்டில் எடுத்துப்போவதை நிறுத்திவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவள் முகம் வீங்கியிருந்தால், போனதும் நர்ஸிடம் முதலில் அதைச் சொல்வார். இந்த மாதம் மட்டும் என்றது ஐந்து மாதமாகியிருந்தது.

அப்போதுதான் ஒரு கம்பெனி, டயாலிசிஸ்காரர்களுக்கென்று புது வேன் ஒன்று விட்டது. ஏ.சி. உண்டு, டிரைவர் உண்டு. பிரான்சிஸ் எல்லாருக்கும் நன்றி சொல்லி, இனி நீங்கள் ரெஸ்ட் எடுக்கலாம் என்று செய்தி அனுப்பினார். திருமூர்த்தியும் நல்லதுதான் என்றார். செவ்வாய்க்கிழமை காலை குளித்து, சட்டை போட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தபிறகு நினைவு வந்து திரும்பிப்போனார்.

மூன்றாவது செவ்வாய் மதியம் அவரால் இருக்க முடியவில்லை. செவ்வந்தி இந்நேரம் வீடு திரும்பியிருப்பாள், எட்டிப்பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்கள் இடுங்கும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை வேன் வந்து ஹார்ன் அடித்தபோது அவள் தலைசுற்றிக் குளியலறையில் உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மற்ற எட்டுப் பேருக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். லிஸ்டில் 'வரவில்லை' என்று விழுந்தது. அதை யாரோ 'இனி வரமாட்டார்' என்று எடுத்துக்கொண்டதில், இன்றைக்கு வேன் இந்தத் தெருவுக்கே வரவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டபோது அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"கூப்புடலாம்னுதானுங்க போனை எடுத்தேன். இனி உங்களுக்கு ரெஸ்ட்டுன்னுட்டாங்கல்ல. மறுக்கா எப்படித் தொந்தரவு பண்றதுன்னு வெச்சுப்போட்டேனுங்க."

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு, ஹெட்லைட்டைப் போட்டபடி ஹார்னில் கையை வைத்தவர் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார். உடனே மெஷினில் போட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். திருமூர்த்தி வராந்தாவில் உட்கார்ந்தார். சாயங்காலம் செவ்வந்தி கண் திறந்து, ஹார்ன் சத்தத்தில் காது அடைத்துவிட்டதாகக் குறை சொன்னபிறகுதான் அவருக்குப் பசித்தது.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் பேசினார்கள். வேன் நல்ல வேன், டிரைவர் மனோஜ்குமாரும் நல்ல மனிதர், ஆனால் ஹார்ன் அடிப்பவர் உள்ளே வந்து பார்க்க மாட்டார் என்றார் திருமூர்த்தி. தன் செய்தியால்தான் இப்படி ஆனது என்று பிரான்சிஸ் வருத்தப்பட்டார். இருபது பேரையும் மறுபடி கூப்பிட்டார். இனி கார் வேண்டாம். வேன் வரும் நாளில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, ஆளைப் பார்த்து, வேனில் ஏற்றிவிட வேண்டும். யாராவது வராவிட்டால் காரணம் தெரியாமல் விடக்கூடாது. ஆளுக்கொரு நாள் வேனில் கூடவும் போகவேண்டும்.

திருமூர்த்திக்குச் செவ்வாய் விழுந்தது. வெள்ளியும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். முதல் நாளே மனோஜ்குமாருக்கு எந்த இடத்தில் கியர் மாற்றவேண்டும் என்று சொல்லப் போய், வேனில் இருந்தவர்கள் அவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பிரான்சிஸ் முகம் வாடிப்போய் இருந்தார். மாசாணம் என்று ஒரு பெயிண்டர், டயாலிசிஸ் என்றதும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். டாக்டர் சொல்லியும், மகள் அழுதும் கேட்கவில்லை. திருமூர்த்தி போய்ப் பேசிப் பார்த்தார். ஊசி குத்துவது உங்களுக்கா எனக்கா என்று கேட்டு மாசாணம் அனுப்பிவிட்டார். அதை வேனில் சொன்னபோது செவ்வந்தி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளே போனாள். வாசலில் நின்று, இடது முழங்கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினாள்.

"குத்தறப்ப வலிக்குமுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்பறம் நாலு மணி நேரம் தூங்கலாம், இல்லாட்டி ஊர்வம்பு பேசலாம். பக்கத்துக் கட்டில் எனக்குத்தானுங்க."

மாசாணம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெள்ளிக்கிழமை வேனுக்கு முன்னாடியே ரோட்டுக்கு வந்து நின்றார்.

அன்று சாயங்காலம் பிரான்சிஸ் நோட்டில் இருபத்தோராவது பெயராகச் செவ்வந்தி என்று எழுதினார். எந்தக் கிழமை என்று கேட்டதற்கு, செவ்வாயும் வெள்ளியும் தனக்கு வேலை இருக்கிறது, மற்ற நாள் எதுவானாலும் சரி என்றாள்.