நகர மறுத்த மோட்டார்

அல்லிநகரம் ராக்கையா, தன்னிடம் இருந்த ஒரே லேத்தைப் பிரித்துப்போட்டுவிட்டுத்தான் எண்களைக் கொடுத்தால் தானே வெட்டும் சி.என்.சி. எந்திரம் செய்ய உட்கார்ந்தார். எண்பத்தேழாம் வருஷம். தேனி ஜின்னிங் மில்லின் பருத்தி உருளைகளுக்குச் சுருள் சுருளாகக் காடிப் பள்ளம் வெட்ட வேண்டியிருந்தது. ஆடி முடிவதற்குள் ஓர் உருளையைப் பிசகில்லாமல் வெட்டிக் காட்டினால் மில் வேலை முழுக்க உங்களுக்கு என்று மேஸ்திரி பால்பாண்டி வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் வேலை போடியில் லேத் வைத்திருக்கும் மச்சினன் நல்லகண்ணுவுக்குப் போகும். ராக்கையாவும் அவனிடமே கூலிக்குப் போக வேண்டியதுதான். பழைய லேத்தைத் திரும்பப் பூட்ட முடியாது, பாதியை அறுத்தாகிவிட்டது.

உத்தமபாளையத்து ரேடியோ மெக்கானிக் மீரான் மைதீனைக் கூட்டிக்கொண்டு, கோயம்புத்தூரில் பழைய எந்திரச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். செர்வோ மோட்டார் என்பது சொன்ன இடத்துக்குப் போய் நிற்பது. தள்ளிவிட்டால் தானே திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பது. அதற்குக் கரண்டை அளந்து ஊட்டும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். கடையில் சின்னதும் பெரியதுமாக இரண்டு ஜோடி ஓடிக்கொண்டிருந்தன. ராக்கையாவுக்கு மஞ்சுவிரட்டு மாடு பார்த்த பழக்கம். சின்னதின் சக்கரத்தைப் பிடித்துத் திருகினார், கொஞ்சம் இணங்கியது. பெரியதைத் திருகினார். அது அவரையே ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

“அண்ணே, நாம நகத்தப்போறது ஒரு சாண் இரும்பு. இது மதகு தூக்குற மோட்டாரு” என்றார் மீரான் மைதீன்.

“ஒரு தடவ வாங்குறோம், தெம்பா வாங்குவமேப்பா.”

பெரியதையே வாங்கியாகிவிட்டது. டிரைவில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. அதைக் குறைத்தால் மோட்டார் இடத்துக்கு வந்து சேராமல் வழியிலேயே சோம்பி நின்றது. கூட்டினால் நடுங்கி ரீங்காரம் போட்டது. அந்த ரீங்காரத்தில் பக்கத்து இட்லிக் கடை மொக்கம்மாளின் மாவு அரை நாழிகையில் புளித்தது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு ஓர் இடம் இருந்தது. அதைத் தேடியே சித்திரையும் வைகாசியும் ஆனியும் போயின. அகப்பட்டதும் திருகின் தலையில் சிவப்பு நகப்பூச்சைத் தடவி உறைய வைத்தார்கள். இனி எவரும் தொடக்கூடாது.

மறுநாள் ஆடிக் காற்று பிறந்தது. குமுளிப் பக்கமிருந்து இறங்கிய காற்று ராக்கையாவின் தகரக் கூரையைத் தூக்கியது. அவர் பதறி, கூரையில் கயிறு போட்டு எந்திரத்தின் பாரமான அடிக்கட்டையில் கட்டினார், கயிறு அறுந்தது. மோட்டார் நகர்த்தும் மேசையில் கட்டினார், அறுந்துபோகவில்லை. காற்று இழுத்தால் மேசை ஒரு நூல் விட்டுக்கொடுக்கும். உடனே கூரையோடு சேர்த்துப் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

இதை மொக்கம்மாள் பார்த்துவிட்டாள். கேட்காமலே தன் கூரைக் கயிற்றையும் அதில் முடிந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து முடிச்சுப் போட்டது. சாய்ந்துகொண்டிருந்த கரண்டுக் கம்பத்தையும் யாரோ நல்ல மனசோடு அதிலேயே கட்டிவிட்டார்கள். கம்பத்திலிருந்து வரும் கரண்டில் மோட்டார் நின்றது. மோட்டாரைப் பிடித்துக்கொண்டு கம்பம் நின்றது. இதில் எதை முதலில் நிறுத்துவது என்று மீரான் மைதீன் யோசித்துப் பார்த்துவிட்டு, நமாசுக்கு நேரமாச்சு என்று பஸ் ஏறினார்.

ஆடி முடிய இன்னும் நாலு நாள் இருக்கும்போது பால்பாண்டி உருளையோடு வந்தார். கயிறுகளுக்குள் குனிந்து நுழைந்து, எந்திரத்தைத் தேடித்தான் கண்டுபிடித்தார்.

“மொதலாளி கேட்டு விட்டாக. வெட்டுவீகளா, இல்ல போடிக்குக் கொண்டுபோகட்டா?”

மேசையை ஓர் அங்குலம் ஓட்டினால் தெருவே ஓர் அங்குலம் ஓடும். ராக்கையா வெளியே போய் ஒவ்வொரு வாசலிலும் கெஞ்சினார். யாரும் மறுக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“அவுத்துக்கங்கண்ணே,” என்றாள் மொக்கம்மாள், கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி. “நாங்க நனஞ்சா என்ன, காஞ்சா என்ன. ஒங்க பொழப்பப் பாருங்க.”

ராக்கையா உள்ளே வந்து, முடிச்சில் கை வைத்தார். கூரை உறுமியது. கையை எடுத்துக்கொண்டார். பால்பாண்டி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு உருளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போடி பஸ்ஸுக்குப் போனார்.

அன்று ராக்கையா சாப்பிடவில்லை. மச்சினன் பட்டறையில் கூலிக்கு நிற்கப் போட வேண்டிய காக்கிச் சட்டையைத் துவைத்து, இருந்த கயிறுகளில் ஒன்றில் காயப்போட்டார்.

மூன்றாம் நாள் நல்லகண்ணுவே வந்து நின்றான். தலையெல்லாம் புழுதி. அக்காளைப் பற்றி விசாரிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கையில் ஒரு கயிற்று நுனி.

“மச்சான், உருளைய லேத்துல மாட்டுன நிமிசம் எம் பட்டறக் கூர கெளம்பிருச்சு. இத எங்கன கட்ட?”

ராக்கையா எட்டிப் பார்த்தார். கயிறு தெருவைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி மேற்கே விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. மறுமுனை போடியில் இருந்தது.

அவர் காக்கிச் சட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மேசையில் மிச்சமிருந்த இடத்தைக் காட்டினார்.