எதிர்க்கடையில் இருக்கும் கம்பி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு ஜாக்கெட்டால் வந்த வினை. மனைவி தைக்கக் கொடுத்ததை வாங்கிவர பாகூர் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். தையல்காரம்மா கடை சாத்தும் நேரம். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுக்க, தெருவைக் கடந்து எதிரே இருந்த உரக்கடைக்குப் போனார். உங்கள் கம்பி அங்கே எதற்கு என்று கேட்டேன். "அது ஒரு கதை சார். ஹூக்கு சரியா இருக்கா பாத்துக்குங்க" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் சரக்கு.

(ஊர்ப்பெயரை எழுதியதே தப்போ? கட்சிப் பெயரை எழுதமாட்டேன், கொடியின் நிறத்தையும் சொல்லமாட்டேன். நானும் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும்.)

2

தொடக்கம் ஒன்று: பாகூர் ஏரியின் மேல் மாலை வெயில் பொன்னாய் உருகி வழிந்துகொண்டிருந்த வேளையில்...

வேண்டாம். ஒருத்தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறான், எனக்கு ஏரி கேட்கிறது.

தொடக்கம் இரண்டு: தேர்தலுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது புகழ்வேந்தன் கட்சி மாறினான். மாறியதோடு நிற்காமல் பழைய கட்சிக்காரர்களின் கணக்கு வழக்கை மேடை போட்டுப் பேசினான். பட்டப்பகலில் மூன்று பேர் வீச்சரிவாளோடு துரத்த, அவன் கடைத்தெருவுக்குள் ஓடிவந்தான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சவ ஊர்வலம் போனால் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். அது மரியாதை. வெட்டுக்குத்து என்றால் முழுக்க இறக்குவார்கள். அது பயம். அன்று தெருமுனையிலிருந்து ஒவ்வொரு ஷட்டராக, அவன் ஓடிவரும் வேகத்துக்கே சடசடவென்று இறங்கியது. இளவரசியின் தையல்கடைதான் கடைசி. கம்பி அவள் கையில் இருந்தது. அவன் "அக்கா" என்றான். அவள் இழுத்துவிட்டாள்.*

* இந்த இடத்தில் அவளை நல்லவளாக்க எவ்வளவோ முயன்றேன். கை வழுக்கிவிட்டது என்று எழுதினேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை என்றும் எழுதிப் பார்த்தேன். எதற்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நான்தான் இழுத்தேன், அப்பிடியே எழுது" என்கிறாள்.

3

வெட்டுப்பட்டுச் செத்த புகழ்வேந்தனின் காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி மஞ்சுளா கடைக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று இளவரசி மிஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள எடம் இல்லியாக்கா?" என்று மட்டும் கேட்டாள் மஞ்சுளா.

இளவரசி தன் கடையை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டு மிஷின், ஒரு ஸ்டூல், கொடியில் தொங்கும் ஜாக்கெட்டுகள். இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். எழுந்து பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போனாள்.

"பாய், நான் ஸ்டேஷனுக்குப் போயி பாத்தத சொல்லப்போறேன். தனியா போவ பயமா இருக்கு."

ஹாஜா மைதீன் குடத்தைக் கீழே வைத்தார். "எனக்கு மட்டும் பயமில்லியாம்மா? பொண்ணு தெனம் பஸ்ஸுல காலேஜ் போவுது." ஆனாலும் செருப்பை மாட்டினார். "வா. எதிர்க்கடை சிவப்பிரகாசத்தையும் கேப்போம். ரெண்டு பேரா போனா ரெண்டு பேரு. தெருவே போனா இன்னா பண்ணிடுவான்?"

தெருவே போனது. எல்லாரும் பார்த்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று பேரும் பிடிபட்டார்கள்.

(இங்கேயே முடித்திருந்தால் ஏதாவது பரிசுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் ஜாமீன் என்று ஒன்று இருக்கிறது.)

4

மூவரில் விஜயராஜ் ஜாமீனில் வந்ததும் செய்த முதல் வேலை, தையல்கடை வாசலில் பைக்கை நிறுத்தியதுதான். இன்ஜினை அணைக்கவில்லை.

"அக்கா, ஜாக்கெட்டு தைக்க இன்னா ரேட்டு?"

சிரித்துவிட்டுப் போனான். அன்று முழுக்க இளவரசியால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. சாயங்காலம் மஞ்சுளாவை வரவழைத்து இரண்டாவது மிஷினில் உட்காரவைத்தாள். வேலைக்கு ஆள் வேண்டும் என்றுதான் சொன்னாள். தனியாக இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

பாத்திரக்கடையில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு உருட்டுக்கட்டை வைத்துக்கொள்வோம் என்றார் ஒருவர்.

"கட்டைய எடுத்தா நாளைக்கு நம்ம பேர்ல கேஸு. கடைய யாரு பாக்கறது?" என்றார் ஹாஜா மைதீன்.

உரக்கடை சிவப்பிரகாசம் குறுக்கே புகுந்தார். "அன்னிக்கி நாம கெட்டதே இந்தக் கம்பியாலதாம்பா. கையில இருந்தா இழுத்துடுவோம். கையிலயே இல்லன்னா?"

ஏற்பாடு இதுதான். காலையில் கடை திறந்ததும் என் கம்பி உன்னிடம், உன் கம்பி என்னிடம். சாத்தவேண்டுமென்றால் தெருவில் இறங்கி எதிர்க்கடைக்குப் போயாகவேண்டும். எல்லாரும் தெருவில் இறங்கிவிட்டால், ஓடிவருகிறவன் தனியாள் இல்லை. ஆயுதமில்லாமல், கோஷமில்லாமல், சும்மா நிற்பது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

இளவரசியும் ஆட்டினாள். கடைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஹாஜா மைதீன் வாட்டசாட்டமான ஆள், கை நீட்டினால் ஷட்டர் எட்டும். சிவப்பிரகாசம் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். ஸ்டூல்மேல் நின்றாலும் எட்டாதவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கம்பியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

5

முடிவு அ: அதன்பின் அந்தத் தெருவில் யாருமே ஓடவில்லை. (வேண்டுமானால் ஊருக்கு இப்படி ஆசீர்வாதம் பண்ணலாம். கதை இல்லை.)

முடிவு ஆ: யாரோ முகம் தெரியாத இளைஞன் ஓடிவருகிறான். தெருவே இறங்கி அவனைச் சுற்றி நிற்கிறது. துரத்தியவர்கள் கத்தியை மறைத்துக்கொண்டு திரும்பிப்போகிறார்கள். எழுதிவிட்டு நானே அழுதேன். காலையில் படித்தபோது என்மேலேயே சந்தேகம் வந்தது. முகம் தெரியாதவனுக்குக் கதவு திறப்பது ஒரு பெரிய காரியமா? அதை அடித்துவிட்டு மேலே எழுதினேன். வந்தது இது.

பிரச்சாரம் முடியும் நாள். மத்தியானம். தெருமுனையில் கூச்சல். புகழ்வேந்தனுக்குப் பழிவாங்குகிறோம் என்று நாலு பேர் அரிவாளோடு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால், ஒரு காலில் செருப்பில்லாமல், சட்டையெல்லாம் ரத்தமாக ஓடிவருகிறவன் விஜயராஜ்.

ஹாஜா மைதீனின் கை தானாக ஷட்டர் வரைக்கும் போகிறது. அங்கேயே நிற்கிறது. யாரும் தெருவில் இறங்கவில்லை. இறங்கிய ஒரே ஆள் சிவப்பிரகாசம். இளவரசியின் கம்பியோடு பாதித் தெரு வந்துவிட்டார்.

"இந்தாம்மா, புடி! இவனுக்காக நாம பேசிக்கல. இழு!"

ஓடிவருகிறவன் யார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்பது உண்மைதான். இளவரசி படியில் இறங்க ஒரு காலை எடுத்தாள். கம்பியை வாங்கத்தானா, தெருவில் போய் நிற்கத்தானா, அவளுக்கே தெரியவில்லை. பின்னால் தையல் மிஷினின் சத்தம் நின்றது. மஞ்சுளா எழுந்துவிட்டாள்.

திரும்பி அவள் முகத்தைப் பார்க்க இளவரசிக்குத் தைரியமில்லை. எழுத எனக்கும் இல்லை. மஞ்சுளா மன்னித்தாள் என்று எழுதினால் அது என் ஆசை. மன்னிக்கவில்லை என்று எழுதினால் ஓடிவருகிறவனை நானே வெட்டியதாகிவிடும். இந்தப் பத்தியை நாலு நாளாகத் திறந்தும் மூடியும் கொண்டிருக்கிறேன். அத்தனை நாளும் அவன் ஓடிக்கொண்டேதான் இருக்கிறான்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். நீங்கள் புகழ்வேந்தனையும் அறிவீர்கள், விஜயராஜையும் அறிவீர்கள். கம்பி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அவனும் வந்துவிட்டான், "அக்கா" என்கிறான். இளவரசி அதை வாங்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.