இருபதுக்குப் பதிமூன்றரை

"இருபதுக்குப் பதிமூணரைடி! எங்க காலத்துல அந்த மார்க்கு வாங்குனவனுக்குப் பிரெஞ்சுக் கவர்னரே கை குடுத்தாரு" என்று கத்தினார் சுப்ராயன்.

"கவர்னரு கப்பலேறி இருவத்திநாலு வருசம் ஆவுது. மெட்ராஸ்காரங்களுக்கு அது அறுவத்தேழரைதான்" என்றாள் அவர் மனைவி மர்த்.

1978 ஜூலை. எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே சுவர். கேட்டது என் குற்றமில்லை. சுப்ராயன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். தெருவில் அவருக்குச் 'சொல்தா' என்று பெயர், பிரெஞ்சில் சிப்பாய். ஒரே மகள் ஜோசஃபினுக்குப் பார்மசி படிப்பைத் தவிர வேறு ஆசை கிடையாது. என் டானிக் பாட்டிலைக்கூட லேபிளில் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள்.

அவள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மார்க் இருபதுக்குத்தான். பதினான்கைத் தொட்டவர்கள் அபூர்வம். அந்த வருடம் பதிமூன்றரை வாங்கிய அவள்தான் பள்ளியில் முதல். மெட்ராஸ் கல்லூரியின் தேர்வுக் குழுவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஐந்தால் பெருக்கினார்கள். எழுபதுக்குக் கீழே எடுப்பதில்லை. அரியாங்குப்பம் ஆதிமூலத்தின் மகள் கமலவேணி உள்ளூர்க் கல்லூரியில் பி.யு.சி. முடித்து எழுபத்திரண்டு வாங்கியிருந்தாள், இடம் கிடைத்தது. நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, தேடிப் பார்த்தேன்.

இந்த மார்க்கின் மதிப்பை விளக்கிப் பள்ளியிலேயே ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். "பிரான்சு மார்க்குக்கு சிபாரிசா?" என்று விண்ணப்பத்திலிருந்து அதை உருவிவிட்டார் சொல்தா.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜோசஃபின் மெதுவாகச் சொன்னாள்: "குழுவுல ஒரு பெரியவரு கேட்டாரு பப்பா. 'இந்த ஸ்கூல் மார்க்க எப்பிடிம்மா எடை போடுறது, எழுத்துல ஏதாவது இருக்கா'ன்னு. இல்லன்னேன். ஃபைல மூடிட்டாரு."

"அலமாரியிலதான் இருக்கு." சொல்தாவின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கே எடுத்துட்டுப் போறேன்."

"சீட்டெல்லாம் முடிஞ்சிபோச்சி பப்பா."

போகத்தான் செய்தார். பட்டாள மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு முதல் பஸ்ஸில் போனவர், மறுநாள் மத்தியானம் திரும்பினார். மெடல்கள் சட்டைப்பையில் இருந்தன. என்ன ஆயிற்றென்று நான் கேட்கவில்லை. என் ஆயுளில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அடுத்த தை மாதம் ஜோசஃபினை பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவில் வேலை பார்த்த ஆலேனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோவைக்கூடப் பார்க்காமல் சரியென்றாளாம். அங்கிருந்து தபால் அம்மா பெயருக்கு மட்டும் வரும். கமலவேணி படிப்பை முடித்து, காலாப்பட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு மெட்ராஸோடு தங்கிவிட்டாள். எண்பத்திரண்டில் மர்த்தும் மகளிடம் கிளம்பினாள். சொல்தாவுக்கும் டிக்கெட் வந்ததா என்று கேட்டேன். அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே இருந்தாள்.